பேய்க்கு இறால், சாமிக்குக் கூடை

பழவேற்காட்டு மீனவர் சங்கத்தில் மூன்று வாரமாகத் திருவிழா. கற்பூரம், எலுமிச்சை, தள்ளுமுள்ளு! ஐஸ் டோக்கன் போடும் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டதாம். பெயரைத் தட்டினால் பத்து நிமிடம் கழித்துத்தான் டோக்கன் வருகிறது.

பேயோட்ட ஆரம்பாக்கத்திலிருந்து வந்து இறங்கினார் சர்வரானந்த சுவாமி. “தாமதமாக வரும் டோக்கன் பேயின் எச்சில்! தொட்டால் ஐஸ் தண்ணீராகிவிடும்!” என்றார். எந்த ஐஸ்தான் தண்ணீராகாது? யாரும் கேட்கவில்லை. பெயருக்கொரு பூசை; பூசை முடிந்து மறுபடி தட்டினால் டோக்கன் நொடியில் வந்தது. தட்சணை ஆளுக்கு இரண்டு கை இறால். சுவாமி சுத்த சைவம், பேய்தான் அசைவமாம்.

அன்று முனியம்மாளின் முறை. ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறால் அரைக்கூடை. ஐஸ் கிடைக்காவிட்டால் மொத்தமும் நாறிப்போகும். கிளார்க் முத்துராஜ் பெயரைத் தட்டினார். பத்து நிமிடம் ஆனது.

“சீக்கிரம் ஓட்டு சாமி, இறாலு கெட்டுப்பூடும்” என்று முனியம்மாள் தட்சணை அள்ளக் கூடைக்குள் கையை விட்டாள்.

“கைய எடும்மா!” என்றாள் மகள் சந்தியா. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவில் வந்திருந்தாள். “முத்துராஜ் அண்ணே, பூசை இல்லாம அதே பேர இன்னொரு தபா தட்டுங்க.”

“கை கருகிவிடும்!” என்று அலறினார் சுவாமி. முத்துராஜ் கையை இழுத்துக்கொண்டார். சந்தியாவே தட்டினாள். நொடியில் வந்தது டோக்கன்! கையும் கருகவில்லை.

“இன்னாடா இது, பேய் துன்னாமலே பூடுச்சே!” என்றது கூட்டம்.

“என் அருள் அறை முழுக்க நிறைந்திருக்கிறது” என்று சமாளித்தார் சுவாமி.

“அப்டியா? இன்னிக்குத் தேடாத பேரு ஒண்ணு சொல்லுங்க.”

சுவாமி சொன்ன கஸ்தூரியம்மாள் பெயரைத் தட்டினார்கள். பத்து நிமிடம். அருள் அறையில்தான் இருந்தது, பாவம், வியர்வையாக வழிந்தது.

“இப்பத்தான் தேடுனத மிஷினு ஞாபகம் வச்சிக்கும், அதான் ரெண்டாந்தபா சட்டுனு வருது” என்றாள் சந்தியா. “எந்தப் பேரு எங்க கீதுன்னு காட்டுற இண்டெக்ஸே போடல. புதுசா ஏத்துன முப்பது வருசத்துப் பழைய பதிவையும் மொதல்லேர்ந்து ஒண்ணொண்ணா பாத்துனு வருது.”

முத்துராஜை உட்காரவைத்து, பெயர்களுக்கு இண்டெக்ஸ் போடவைத்தாள். பிறகு அன்று தேடாத சின்னதம்பி பெயரைத் தட்டினார்கள். முதல் தட்டிலேயே டோக்கன்! கூட்டம் விசிலடித்துக் குதித்தது. சைவச் சுவாமி ஓடும்போது இறால் கூடையைத்தான் முதலில் தூக்கினார், பெண்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

அதோடு விட்டதா சனம்? “கம்ப்யூட்டர் ஆத்தா!” என்று சந்தியாவின் காலில் விழுந்தது.

“எய்ந்திருங்க! நான் இன்னா பண்ணேன்னு கேளுங்க!” என்று கத்தினாள் அவள்.

மூன்று வாரம், முந்நூறு பூசை. பூசை இல்லாமல் மறுமுறை தட்டிப் பார்ப்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேய்க்குக் காலி வீடுதான் பிடிக்கும் என்பார்கள். அது கம்ப்யூட்டரில் குடியிருக்கவில்லை ஐயா, நம் தலையில்தான் இருந்தது!