வளைவுக்கு ஒரு ராஜா

லட்சிய சமுதாயம் பற்றிப் பேசியவர்கள் உலகத்தில் ஏராளம். அதைத் தினமும் நடத்திக் காட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். போடிநாயக்கனூரில் அவரை எல்லோரும் ‘ராச்சியம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய ராச்சியம் முழுவதும் ஓர் ஏலக்காய்த் தோட்ட ஜீப்புக்குள் அடங்கிவிடும். அவர் அதன் டிரைவர்.

ஐம்பதுகளில் நான் அந்தத் தோட்டத்தில் குமாஸ்தா. போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக எங்களைத் திணித்து அனுப்புவார்கள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை முதலாளிக்கு. அவர் தன் காரில் போனாலும் அது காலியாகவே மலையேறும்.

ராச்சியத்துக்கு இது பொறுக்கவில்லை. வளைவுக்கு வளைவு வண்டி கொதித்து நிற்கும். தண்ணீர் ஊற்றிவிட்டுக் கையைத் தட்டுவார்.

“ம், எறங்கு. அடுத்த ஆளு முன்னால வா. நம்ம ராச்சியத்துல எந்த சீட்டும் எவனுக்கும் சொந்தமில்ல.”

“அப்ப உங்க சீட்டுண்ணே?” என்று ஒருநாள் மடக்கினேன்.

“ஏன் அப்பு, ராச்சியத்துல ஒருத்தனாச்சும் சோலி பாக்க வேணாமா?”

முன்னால் போனவர் அடுத்த வளைவுக்குள் ஆளே மாறிவிடுவதுதான் வேடிக்கை. ஏலக்காய் பறிக்கும் சின்னாத்தா வாயே திறக்காதவர். முன்னால் உட்கார்ந்ததும், “வெரசா விடுப்பா!” என்று டிரைவரை அதட்டிவிட்டு, “ஏய், பின்னால என்ன சத்தம்?” என்று எங்களையும் ஒரு பிடி பிடிப்பார். நான் மட்டும் லேசுப்பட்டவனா? உட்கார்ந்த மாத்திரத்தில் கால்மேல் கால் ஏறிவிடும்.

“பாத்தியா, திமிரு ஆளுகிட்ட இல்ல அப்பு, சீட்டுல இருக்கு” என்று ராச்சியம் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒருநாள் முதலாளியே ஏறினார். அவருடைய கார் படுத்துவிட்டது. ராச்சியத்துக்கு வீடு நிறையப் பிள்ளைகள். இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

“அண்ணே, இன்னைக்கு ஒருநாள் ராச்சியத்துக்கு லீவு விடுங்கண்ணே” என்று காதில் கெஞ்சினேன்.

“முதலாளி வந்தா லீவுன்னா, அதுக்குப் பேரு ராச்சியமா?”

வளைவு வந்தது. கையைத் தட்டினார். “முதலாளி, எறங்கணும். சின்னாத்தா முறை.”

“ஐயையோ, எனக்கு வேணாம் சாமி!” என்று சின்னாத்தா மூட்டைகளுக்கு நடுவில் பதுங்கினார். ராச்சியம் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். மேலே மழை கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி வானத்தைப் பார்த்தார், சாவியிருந்த மடியைப் பார்த்தார், இறங்கினார். முழங்கால் மோவாயில் இடிக்கச் சாக்கின்மேல் குந்தினார்.

சின்னாத்தா நடுங்கிக்கொண்டேதான் ஏறினார். வண்டி கொஞ்ச தூரம் போயிருக்கும். முன்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது: “முதலாளி, கம்பியப் புடிங்க! விழுந்து கிழுந்து தொலைச்சுறாதீக!”

முதலாளி சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

மெட்டில் இறங்கியதும் முதலாளி கையை நீட்டினார். “சாவியக் குடு. நாளையிலருந்து வராத.”

ராச்சியம் கொடுத்துவிட்டு, தூறலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார். முதல் வளைவிலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முன் இருக்கை மறுநாளே பழையபடி காலியாக மலையேறியது. ராச்சியம் பிழைப்பைத் தேடி வேறு ஊருக்குப் போய்விட்டாராம். எங்கே என்று தெரியவில்லை.

இப்போதும் போடிமெட்டுப் பஸ்சில் போகும்போது, வளைவு வந்தால் எழுந்து, நிற்கிறவருக்கு என் இடத்தைக் கொடுத்துவிடுகிறேன். கை தட்டத்தான் ஆளில்லை.