செத்த வண்டுக்கு நான் கொடுத்த கேரண்டி

பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது கிடையாது என்பதை, ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் டிரெய்னியாக இருந்தபோது, சுண்டைக்காய் சைஸ் வண்டு ஒன்று ஊரறியச் சொல்லிவிட்டது.

கேன்டீனுக்குப் பின்னால் மழையில் ஊறிய மரப் பேலட்டுகள் கிடக்கும். (ஏற்றுமதிப் பெட்டிக்கு அடியில் கொடுக்கும் பலகைத் தட்டுதான் பேலட்.) அதில் முளைத்த மரக்காளானில் இந்த வண்டுகள் குடித்தனம் நடத்தின. ஆணுக்கு இரண்டு கொம்பு. பெண்ணுக்காக ஒன்றையொன்று முட்டித் தள்ளும். பெண் முட்டையிட்டுத் தன் கழிவாலேயே மூடிவைக்கும். புழு காளானுக்குள்ளேயே தின்று, தூங்கி, வண்டாக வெளியே வரும். (வாடகை இல்லாத ரூம். எனக்குப் பொறாமை.) தொட்டால் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். டீ பிரேக்கில் எனக்கு இதுதான் சினிமா.

ஆடிட் நாள் வந்தது. பூச்சி சாகும்படி சூடேற்றித்தான் பேலட்டை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள்; அதில் உயிருள்ள பூச்சி இருந்தால் லோடே நின்றுவிடும். ஆடிட்டர் குனிந்த இடத்தில் நம்ம கொம்பன் உட்கார்ந்திருந்தான். (என் சட்டையில் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.) என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் முடிவு செய்யப்போகிறார்கள். சட்டென்று விரலால் தட்டினேன். படுத்துவிட்டான்.

"செத்துருச்சு சார். சூட்டு ட்ரீட்மென்ட்லயே போயிருக்கும்."

ஆடிட்டர் எங்கள் லைன் லீடர் வள்ளியைப் பார்த்தார். படப்பைக்காரி, எனக்கு சீனியர். "அவரு சொன்னா கரெக்டா இருக்கும் சார். பூச்சி மேட்டர்லாம் அவருக்குத்தான் தெரியும்," என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆடிட்டர் வண்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். கிளம்பிவிடுவார் என்று பார்த்தால், டீ வந்தது. மனுஷன் ஊதி ஊதிக் குடித்தார். பாதி கப் முடிந்தபோது வண்டின் ஒரு கால் அசைந்தது. பிறகு கொம்பை நிமிர்த்தி, தாளைத் தாண்டி, அவர் கப்பைப் பார்த்து நடந்தது.

நானும் காலை மடக்காத குறையாக அசையாமல் நின்றேன்.

லோடு நின்றது. திட்டு முழுக்க வள்ளிக்கு விழுந்தது. எல்லோர் எதிரிலும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு வேலை போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் குனிந்த தலையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கேட்டில் அவளுக்காகக் காத்திருந்து, "தெரிஞ்சேதான் தட்டினேன். மன்னிச்சிருங்க," என்றேன்.

"உன்ன இன்னாத்துக்கு நம்பினேன்னு எனக்கே தெர்ல," என்றாள்.

அதே கேள்வியை இப்போது வீட்டில் கேட்கிறாள். ஆமாம், கட்டிக்கொண்டாள். (காரணம் கேட்டால், "உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு நேர்லயே பாத்துட்டேனே" என்பாள்.)

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கேன் தூக்கச் சொன்னால் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வேன். மகள் உலுக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா எழுந்திரிக்கல," என்பாள்.

அடுப்படியிலிருந்து பதில் வரும்: "வுடு. டீ போட்டுக்கினு கீறேன். தானா நடந்து வரும்."