காவிரியில் ஒரு நடுக்கடல்

நடுக்கடலில் மார்கழிப் பாட்டு கேட்கக் கூடாது. ஆனால் கேட்டது. அதுவும் ஸ்பீக்கரில்.

பெரியண்ணன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கயாக் படகின் முன்பக்கம் கம்பியில் மாட்டியிருந்த போனைப் பார்த்துச் சிரித்தான். போனுக்குள் தேவதர்ஷினி மேடம். கோவா கடற்கரையில், வெள்ளை மூடுபனிக்கு நடுவே, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அது என்ன சத்தம், பெரியண்ணன்?"

"பக்கத்துல ஒரு விசைப்படகு போகுது மேடம். கொஞ்சம் பக்தியான ஆளுங்க."

"ஓ, சரி சரி," என்றார் மேடம் சட்டென்று. "இங்கேயும் கேக்குது. எக்கோ போல."

நல்ல மனசுக்காரர் என்று நினைத்துக்கொண்டான் பெரியண்ணன். ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

கடலில் கயாக் ஓட்டி மீன் பிடிக்க ஆசைப்படும் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போக வழிகாட்டி தேவை, கடும் பனியிலும் தடுமாறாத கடல் அனுபவம் அவசியம் என்று அந்த கோவா கம்பெனி விளம்பரம் போட்டிருந்தது. பெரியண்ணன் கடலைப் பார்த்தது ஒரே முறை. வேளாங்கண்ணியில், பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு. மற்ற கடல்களையெல்லாம் புத்தகத்தில் பார்த்திருந்தான். அரியமங்கலத்தில் சித்தப்பா ரெங்கராஜின் லேத் பட்டறையில் இரும்புச் சீவல் பறக்கும்போதுகூட அவனுக்கு அது மீன் செதிலாகத்தான் தெரியும்.

"திங்கக்கிழமையிலேர்ந்து பட்டறைச் சாவி உங்கிட்டதான். கடல் கிடல் எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சுடு" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் லேத்.

இன்டர்வியூவைக் கடலிலிருந்தே வீடியோவில் கொடுக்க வேண்டும் என்றது கம்பெனி. திருச்சிக்காரன் கடலுக்கு எங்கே போவான்? ஆனால் மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கு இக்கரையும் கிடையாது, அக்கரையும் கிடையாது. எல்லாவற்றையும் பனி விழுங்கியிருக்கும். அதற்குள் ஒரு கயாக்கைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தால் கடலா ஆறா என்று யார் கண்டது? பழைய கயாக் ஒன்றை இரவல் வாங்கி, அங்கேயே மேலூர்ப் பக்கம் ஆற்றில் இறக்கிவிட்டான்.

பாட்டை விட்டு விலகிப் போக வேண்டும் என்று துடுப்பை இடப்பக்கம் போட்டான். பாட்டு இன்னும் பக்கத்தில் வந்தது. வலப்பக்கம் போட்டான். ஒரு சாமந்தி மாலை மிதந்து வந்து கயாக்கின் மூக்கில் அழகாக மாட்டிக்கொண்டது.

"அது மாலையா?" என்றார் மேடம், கண்ணை இடுக்கிக்கொண்டு.

"ஆமா மேடம். ஏதோ புதுக் கப்பல் போல. நேத்துதான் விட்டிருப்பாங்க."

"இருக்கும், இருக்கும். உப்புக்காத்து முகத்துல அடிக்குதா?"

பெரியண்ணன் உதட்டை நக்கிப் பார்த்தான். காலையில் குடித்த டீயின் சர்க்கரைதான் தட்டுப்பட்டது.

"பயங்கரமா கரிக்குது மேடம்."

"இங்கேயும் அதே கரிப்புதான்" என்று மேடமும் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பாலத்தில் ரயில் வந்தது. வந்த ரயில் சும்மா போகாமல், ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் நெருங்கிவிட்டதை மூன்று ஜில்லாவுக்கும் சொல்வதுபோல் ஹாரன் அடித்தது. பெரியண்ணன் துடுப்பை நிறுத்தினான். என்ன சொல்வது? திமிங்கலமா? திமிங்கலம் தண்டவாளத்தில் தடதடக்குமா?

அவன் வாயைத் திறப்பதற்குள் மேடமே கேட்டார். "கப்பல்தானே?"

"கப்பல்தான் மேடம்!"

"பெரிய கப்பல்."

"பெட்டி பெட்டியா சரக்கு ஏத்திக்கிட்டுப் போகுது."

இரண்டு பேரும் கப்பல் கடந்து போகும் வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"ஓகே. இப்ப ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க" என்றார் மேடம்.

இதற்காகத்தான் முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய், கமர் ஜஹான் அக்கா கடையில் கடலிலிருந்து வந்த சிவப்புச் சங்கரா மீன் ஒன்று வாங்கியிருந்தான். காவிரியில் ஜிலேபிக் கெண்டை ஏதாவது மாட்டித் தொலைத்தால் மானம் போய்விடும். சங்கராவைத் தூண்டிலில் கோத்து, கயாக்குக்கு அடியில் முன்கூட்டியே தொங்கவிட்டிருந்தான். இப்போது பல்லைக் கடித்து, முதுகை வளைத்து, கடலோடு மல்லுக்கட்டுகிறவன்போல் முக்கி முனகி மேலே இழுத்தான்.

மீன் வந்தது. வாலைக்கூட ஆட்டவில்லை.

"துள்ளவே மாட்டேங்குதே?"

"குளிரு மேடம். வெறைச்சுப் போயிருக்கு."

"அது சரி, வயித்துல என்ன, நீளமா கீறல்?"

பெரியண்ணன் மீனைத் திருப்பிப் பார்த்தான். வேண்டாம் வேண்டாம் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், கமர் ஜஹான் அக்கா கைப்பழக்கத்தில் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துச் சுத்தம் செய்துதான் கொடுத்திருக்கிறார்.

"சுறா மேடம். நான் இழுக்கறதுக்குள்ள கடிச்சுடுச்சு."

"சுறா இவ்வளவு நேராவா கடிக்கும்?"

"வங்காள விரிகுடாச் சுறா மேடம். ரொம்ப நீட்டா கடிக்கும்."

மேடம் யோசித்தார். பெரியண்ணனின் கண்முன் பட்டறைச் சாவி ஆடியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் ஏழு கடலையும் இழந்து, கையில் கிரீஸோடு நின்றான்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மேடம். "உங்களை மாதிரி நெஜமான கடல்காரரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். கடைசியா ஒரே ஒரு கேள்வி. இப்ப நீங்க இருக்கற இடத்துல ஆழம் எவ்வளவு இருக்கும்?"

பெரியண்ணன் துடுப்பை நட்டு வைத்துக்கொண்டு, கண்ணில் தொலைதூரத்தை வரவழைத்துக்கொண்டான்.

"ஒரு எரநூறு அடி இருக்கும் மேடம்."

டொக்.

கயாக் எதன் மீதோ மோதி நின்றது. பனிக்குள்ளிருந்து ஒரு ஈரக்கை நீண்டு அதன் விளிம்பைப் பிடித்தது. கையைத் தொடர்ந்து ஒரு மார்பு, பூணூல், நெற்றியில் பளிச்சென்று நாமம். இருநூறு அடிக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, ஒரு பெரியவர் அவனை முறைத்தார்.

"பெருமாளே! கண்ணு தெரியலையா நோக்கு? மனுஷன் நிம்மதியா ஒரு முழுக்குப் போட முடியறதா?"

பெரியண்ணன் பாய்ந்து போனை உள்ளங்கையால் பொத்தினான். பொத்துவதற்கு முன்னால் பார்த்தான், மேடத்தின் பக்கமும் திரை சட்டென்று இருண்டிருந்தது. நெட்வொர்க் போய்விட்டதா? போனால் புண்ணியம்.

"சாமி, சாமி, கெஞ்சிக் கேக்கறேன், சத்தம் போடாதீங்க" என்றான் கிசுகிசுப்பாக. "இன்டர்வியூல இருக்கேன். என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு சாமி."

"நீயுமா?" பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். தலைக்கு மேலே, படித்துறை ஸ்பீக்கர் இடி மாதிரி பாடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, பனிக்குள்ளே, யாரோ ஒரு விசிலை அவசர அவசரமாகக் கழற்றிப் பைக்குள் போடுவது நிழலாகத் தெரிந்தது.

பெரியவர் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எங்கேடா சத்தம் போடறது, அம்பி? அதோ மூணாம் படியிலே என் பொண்ணு தேவதர்ஷினி, கோவா சமுத்திரக் கரையிலேர்ந்து யாரோ ஒரு மாலுமியை இன்டர்வியூ பண்ணிண்டிருக்கா."