பந்தக்காலடியில் ஓர் எர்த்து

தன் கையால் செய்த எதிலும் மனிதனுக்குக் குறை தெரிவதில்லை. சமையலாக இருந்தால் வீட்டோடு போய்விடும். ஒலிபெருக்கி அப்படியல்ல, ஊருக்கே கேட்டுவிடும்.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ரேடியோச் சாமான்கள் திருச்சிக் கடைகளில் மூட்டை மூட்டையாகக் குவிந்த காலம் அது. அவற்றை வாங்கிவந்து, பெரம்பலூரில் எங்கள் வீட்டு நெல் அறையில் உட்கார்ந்து, கரி அடுப்பில் இரும்பைக் காய்ச்சி ஈயம் பற்றவைத்து, கரண்டில் ஓடும் ஆம்ப்ளிபயர் ஒன்று செய்தேன். எங்கள் தெருவில் அப்போது கரண்டு கிடையாது. (அதனால் அதில் ஒரு பழுதும் தெரியவில்லை.)

கம்பியைக் கட்டிக்கொண்டு அலையும் பயலுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று அரியலூரில் என் தாய்மாமன் முடிவு செய்திருந்தார். பெண் என்றால் அவர் மகள் கமலம், என் முறைப்பெண். அவளுக்கு லால்குடிப் பக்கம் ஒரு குமாஸ்தாவைப் பார்த்துவைத்திருந்தார். என் அம்மா போய் அழுததில் மாமா கொஞ்சம் இறங்கிவந்தார். தன் மகன் கல்யாணத்துக்கு நான் ஒலிபெருக்கி வைக்கலாம், அது ஒழுங்காக வேலை செய்தால் கமலம் விஷயத்தை யோசிக்கலாம் என்றார்.

மாமாவின் தெருவுக்குக் கரண்டு வந்திருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சுவிட்சைப் போட்டேன். பந்தல் முகப்பில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல். சமையல்காரர் கரண்டியோடு வாசலுக்கு வந்து, லாரி ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் அசரவில்லை. டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தேன். வால்வுகளுக்குப் போகும் கம்பிகளை ஜடை பின்னுவது போல் முறுக்கினேன். மைக் கம்பியைக் கரண்டுக் கம்பியிலிருந்து தள்ளி இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு முறையும் "இப்பக் கொறஞ்சிருக்கு" என்று பெருமையாக அறிவித்தேன். (குறைந்தது கேட்டவர்களின் பொறுமை.) கடைசியில்தான் பெட்டிக்கு எர்த்து கொடுக்காதது என் பெரிய மூளைக்கு எட்டியது. ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் ஆழமாக இறக்கி அதோடு பெட்டியை இணைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த அரியலூர் மண்ணில் கடப்பாரையே இறங்கவில்லை. பந்தக்கால் நட்ட குழியில் மட்டும் மண் இளகிக் கிடந்ததால் அங்கே இறக்கினேன். உறுமல் அப்படியே இருந்தது. காய்ந்த மண்ணில் எர்த்து பிடிக்காது என்பது நான் படித்து முடிக்காத பாடத்தில் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை. பாடாலூரிலிருந்து பெண் வீட்டார் வந்து பந்தல் நிறைய உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் குமாஸ்தா. குழாய் உறுமிக்கொண்டே இருந்தது. கூடத்தை ஒட்டிய அறையில் பெட்டியும் மைக்குமாக நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது, இரைச்சல் எப்போது நிற்கும் என்று கேட்டுவர மாமா கமலத்தை அனுப்பினார்.

முகூர்த்தத்துக்கு முன் பந்தக்காலுக்குத் தண்ணீரும் பாலும் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். சரியாக அந்த நேரத்தில் மேளம் முழங்க, அத்தையும் மற்றச் சுமங்கலிகளும் குடம் குடமாக ஊற்றினார்கள். மண் நனைந்தது. எர்த்து பிடித்தது. உறுமல் நின்றது.

வேறு எவனாக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பான். நானோ, உறுமினால்தான் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று பழகிப்போயிருந்தேன்.

"செத்துருச்சு கமலம்" என்றேன், மைக்கைக் கையில் பிடித்தபடியே.

மேளச் சத்தத்தில் என் குரல் குழாயில் போவது எனக்குக் கேட்கவில்லை. குழாய்க்கு நேர் எதிரே இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது.

"உங்கப்பாவுக்கு இதுல என்ன தெரியும்? பாடாலூர்க்காரங்க கூட்டத்தப் பாத்துட்டு, சாம்பார்ல இன்னும் ரெண்டு குடம் தண்ணிய ஊத்துன்னு சமையக்காரர்கிட்ட சொன்ன மனுசன்தான அவரு?"

கமலம் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"அத வுடுங்க அத்தான். அந்தக் குமாஸ்தாவ எனக்குப் புடிக்கல. கட்டுனா ஒங்களத்தான் கட்டுவேன். இந்தப் பொட்டிய மட்டும் நம்ம வூட்டுக்குக் கொண்டாராதீங்க."

பாதியில் மேளக்காரர்களும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கடைசி வாக்கியம் அந்த அமைதியில் தெருக்கோடி வரை போனது. எங்களுக்கும் அப்போதுதான் கேட்டது.

எனக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. அவள் சொன்னதை நினைத்துச் சிரிப்பும் வந்து தொலைத்தது. வெளியே குமாஸ்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ரயிலடிக்குக் கிளம்பிவிட்டார். பாவம், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. பாடாலூர்க்காரர்கள் பந்தியில் சாம்பாரைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் இலையில் விடச் சொன்னார்களாம்.

மாமா அறைக்குள் வந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பெட்டியைத்தான் தட்டிப் பார்த்தார்.

"தெளிவாத்தாண்டா கேட்டுச்சு" என்றார். "அந்த எரைச்சலே தேவலாம்."

ஊரறியச் சொன்னதை இல்லையென்று ஆக்க முடியுமா? ஆவணியில் கமலத்தை எனக்கே கட்டிவைத்தார், நாயனமும் தவிலும் மட்டும் போதும் என்ற நிபந்தனையோடு.

அன்றிலிருந்து கமலத்துக்கு அமைதியான வீட்டில் நம்பிக்கை கிடையாது. மருமகள்களிடம் அந்தரங்கமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்போதும் முதலில் கிரைண்டரைப் போட்டுவிடுகிறாள். மாவரைக்காத நாளில் கிரைண்டர் ஓடினால் பேச்சு என்னைப் பற்றித்தான் என்று பேரப்பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரியும், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நேற்றுச் சாயங்காலம் அது வெகுநேரம் ஓடியது.