அஞ்சே முக்கால் ஆகாசம்

தொண்ணூற்றாறு அக்டோபர் ஏழு, திங்கட்கிழமை சாயங்காலம். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தேன்.

"ருக்கு! நாளையிலேர்ந்து நான் ஆகாசத்தைப் படம் பிடிக்கப் போறேன். தினம் ஒண்ணு. ஒரே இடம். முப்பத்தாறு நாள், முப்பத்தாறு படம்!"

மஸ்கட்டிலிருந்து என் மச்சினன் அனுப்பிய காமிரா ஒரு மாசமாக பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. "இத்தனை பெரிய ஆகாசம் வெளியிலே கிடக்கு, காமிரா உள்ளே கிடக்கு" என்று ருக்குதான் ஒருநாள் பெருமூச்சு விட்டாள். மற்றபடி யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஹார்மோனியம் மாதிரியா?"

எங்கள் வீட்டில் ஒரு ஹார்மோனியம் இருக்கிறது. மூன்றாவது பாடத்தோடு நான் நிறுத்திய சங்கீதம். இப்போது அதன் மேல் கோதுமை மாவு டின் உட்கார்ந்திருக்கிறது. எட்டு வருஷமாக நான் எதை ஆரம்பித்தாலும் இவள் அந்த ஹார்மோனியத்தை எடுத்து வாசிக்காமல் விடமாட்டாள்.

"இதோ பார். முப்பத்தாறையும் விடாம எடுத்துட்டேன்னா, ஹார்மோனியத்தைப் பத்தி நீ ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கப்படாது."

"ஒரு நாள் விட்டுப் போனா?"

"நானே அதைத் தலையிலே தூக்கிண்டு போய் பழைய சாமான் வாங்கற கபாடிவாலாகிட்டே போட்டுடறேன்!"

"அச்சா. எத்தனை மணிக்கு எடுக்கப் போறேள்?"

"ஆபீஸ் விட்டு வந்து, ஆறு மணிக்கு."

"பூசா ரோடு பஸ் புகைதான் படத்துலே விழும். ஆகாசம்னா கார்த்தாலேதான். சூரியன் ஆறே காலுக்கு மேலேதான் வருவார். ஆனா வேடிக்கை அஞ்சே முக்காலுக்கே ஆரம்பிச்சுடும்."

டில்லி கரோல் பாகில் அஞ்சே முக்காலுக்கு என்ன விசேஷம் என்று, பதினோரு வருஷமாக ஏழரைக்கு எழுந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காமிராவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மோட்டார் ஸ்விட்சைத் தட்டிட்டுப் போங்கோ. குழாய்லே இப்பத்தான் தண்ணி வரும். மொட்டைமாடி டாங்க் ரொம்பினதும் ஓடி வந்து அணைச்சுடுங்கோ. எப்படியும் மேலேதானே நிக்கப் போறேள்?"

நியாயமாகத்தான் பட்டது. மேலே போனேன்.

அடடா! அடடா! கிழக்கே யாரோ கொய்யாப்பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி ஒரு சிவப்பு. அதற்கு மேலே ஒரே ஒரு நட்சத்திரம், போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அதுவும் கரைந்தது. எதிர்வீட்டு ஆன்டெனா பக்கத்தில் சூரியன் தலையை நீட்டினான். நாற்பத்தாறு வயசு வரைக்கும் தினமும் இது என் தலைக்கு மேலே நடந்திருக்கிறது. நான் குறட்டை விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. க்ளிக் பண்ணிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"ரங்கன் சாப்! பானி! பானி!" கீழே வீட்டுக்காரர் மல்ஹோத்ரா கத்தினார்.

"மல்ஹோத்ராஜி, ஆஸ்மான் தேக்கியே!" என்று ஆகாசத்தைக் காட்டினேன்.

"ஆஸ்மான் கிடக்கட்டும், மேரா அச்சார் தேக்கோ!"

எட்டிப் பார்த்தேன். டாங்க் வழிந்து, முற்றத்தில் வைத்திருந்த அவருடைய ஊறுகாய்ப் பரணி முழுகிக்கொண்டிருந்தது. ஓடினேன்.

இரண்டாம் வாரத்தில், இறங்குகிற வழியில் பால் பூத் கியூவும் சேர்ந்துகொண்டது. "எழுந்ததுதான் எழுந்துட்டேள்" என்றாள்.

இருபதாம் நாள் நல்ல குளிர். ஹார்மோனியம் போனால் போகிறது என்று ரஜாய்ப் போர்வையை இழுத்துக்கொண்டேன். பக்கத்து ரஜாய் பேசியது.

"நேத்திக்குப் பௌர்ணமி. இன்னிக்கு மேற்கே திரும்பிப் பாருங்கோ."

போனேன். கிழக்கே சூரியன் ஏறுகிறான். மேற்கே அத்தனை பெரிய சந்திரன் இறங்குகிறான். நடுவில் தலையில் துண்டோடு நான், மத்திய சர்க்காரின் ஒரு செக்‌ஷன் ஆபீசர்! கண்ணில் நீர் வந்துவிட்டது. மோட்டாரை அணைத்துவிட்டு ஓடி வந்து அவளை உலுக்கினேன்.

"ருக்கு! ரெண்டும்! ஒரே நேரத்துலே!"

"ம். மாசத்துக்கு ஒரு தரம் அப்படித்தான்" என்று திரும்பிப் படுத்தாள்.

முப்பத்தாறும் முடிந்தது. ஒருநாள்கூட விடவில்லை. ஸ்டூடியோவிலிருந்து பிரிண்டுகளை வாங்கிக்கொண்டு வாசற்படி ஏறினேன். ஒப்பந்தப்படி ஹார்மோனியத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அந்த சந்தோஷத்தில் கை நழுவி, படமெல்லாம் தரையில் கொட்டிவிட்டது.

போச்சு! படத்தில் தேதி கிடையாது. எல்லாம் சூரியன், எல்லாம் சிவப்பு. எது முதல் நாள், எது கடைசி? எடுத்த எனக்கே தெரியவில்லை.

ருக்கு உட்கார்ந்து, சீட்டு அடுக்குகிற மாதிரி அடுக்க ஆரம்பித்தாள்.

"இது முதல் நாள், ஆன்டெனா பக்கத்திலே இருக்கார். தினம் துளித் துளியா வலது பக்கம் நகருவார். இது நாலாவது. இது பன்னெண்டாவது. இந்தப் புகை தீபாவளிக்கு மறுநாள். இது கடைசி, குருத்வாரா கொடிக்கம்பத்தைத் தொடப் போறார் பாருங்கோ."

"உனக்கு எப்படிடீ தெரியும்?"

"பதினோரு வருஷம் தண்ணி ரொப்பியிருக்கேனே. டாங்க் ரொம்பற வரைக்கும் வேற எதைப் பார்க்கறது?"

"என்கிட்டே ஏன் சொல்லலை?"

"முதல் வருஷம் பூரா எழுப்பினேன். நீங்க எழுந்துக்கலை."

ஆகாசத்தைப் பார்த்தபோது வந்த அதே பிரமிப்புதான், இப்போது தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து வந்தது.

"கொடிக்கம்பத்துக்கு அப்புறம் எங்கே போவார்?"

"மார்கழி முதல் வாரம் அதைத் தாண்டி நிப்பார். அப்புறம் திரும்பிடுவார்."

"திரும்புவாரா! அதை எடுக்கணுமே!"

"எடுங்கோளேன். அந்தப் பக்கம் இடது கோடி வரைக்கும் போயிட்டு, முழு சுத்தும் சுத்தி வர அடுத்த அக்டோபர் ஆகும்."

"அதுக்குப் பத்து ரோல் வேணுமேடீ!"

அவள் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் ஒன்பது ரோல், பிரிக்காமல்.

"ஆடி மாசமே அண்ணாவுக்கு எழுதிட்டேன், காமிராவோட பத்து ரோல் அனுப்புன்னு."

ஆடி மாசமா! நான் அறிவித்தது புரட்டாசியில். இருந்தாலும் சர்க்கார் மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டு மடக்கினேன்.

"பத்து ரோலுக்கு முன்னூத்தறுபது படம்தானே வரும்? வருஷத்துக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கே, அதுக்கு என்ன பண்ணுவியாம்?"

"அந்த அஞ்சு நாள் நீங்க தூங்கலாம். அன்னிக்கெல்லாம் தண்ணி வராது."