எடைமேடை சும்மாதான் இருந்தது

பகல்கனவு காண்கிறவனிடம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் பெரிய ஆபத்தில்லை. ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் எனக்குக் கொடுத்தார்கள்.

இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. டிசைன் பிரிவில் எனக்குப் பயிற்சிக் காலம். உலைக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட, ஒரே கம்ப்யூட்டர் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். கேட்டிலிருந்து கேன்டீன் வரை எத்தனையோ கம்ப்யூட்டர்கள் சும்மா கிடக்கின்றனவே, கணக்கைத் துண்டு போட்டு அவற்றுக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது. இதற்கு கிரிட் என்று பெயர். ஒவ்வொரு மெஷினுக்கும் வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, எப்போதெல்லாம் சும்மா இருக்கிறது என்று காட்டும் கணக்கு மாதிரி (மாடல்) ஒன்றை உருவாக்கினேன். அதைப் பார்த்து வேலையைப் பங்கு போடும் ஷெட்யூலரையும் எழுதினேன். மேனேஜர் முன்னால் அது ஓடினால் வேலை பர்மனென்ட். ஓடாவிட்டால் வீடு. (அப்பா அதற்குள் பொன்னேரி முழுக்க நான் பர்மனென்ட் ஆகிவிட்டதாகச் சொல்லி முடித்திருந்தார்.)

அந்த நாட்களில் காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்கு வேறு உலகம். தண்ணீர் கட்டிய வயல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடக்கும். ஒரு வயல் நிரம்பியதும் தண்ணீர் மடை வழியாக சத்தமில்லாமல் அடுத்த வயலுக்குப் போகும். என் கிரிட்டும் இப்படித்தான் என்று நினைத்துச் சொக்கிப்போவேன். ரயில் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும் என்பதால் பிழைத்தேன். இல்லையென்றால் தினமும் ஆந்திராவில்தான் இறங்கியிருப்பேன்.

மேனேஜருக்குக் காட்டும் நாள் வந்தது. திரையில் மெஷினுக்கு ஒரு புள்ளி. வேலை செய்தால் பச்சை. அதில் என் செல்லம் எடைமேடைப் புள்ளி. கேட்டருகே லாரிகளை எடை போடும் இடத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். நான் அளந்தபோதெல்லாம் அது சும்மாவே இருந்தது. (நான் அளந்தது சாப்பாட்டு நேரத்தில். டிரைவர்கள் எல்லோரும் கேன்டீனில் இருந்தார்கள்.) எனவே இருப்பதிலேயே கனமான துண்டை ஷெட்யூலர் அதன் தலையில் கட்டியது.

"ஒரு மெஷின் செத்துப்போனாலும் வேலை சாகாது சார்" என்றேன்.

சொல்லி வைத்தாற்போல எடைமேடைப் புள்ளி அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பச்சையானது. எழுந்து வந்த மெஷின் முழுசாகச் சும்மா இருப்பதைப் பார்த்து, ஷெட்யூலர் அதே துண்டை மறுபடி அதற்கே அனுப்பியிருந்தது. திரும்ப அணைந்தது. திரும்பப் பச்சை.

"நீயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்றியாப்பா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்ல சார், அதுவா நடக்குது."

தூரத்தில் லாரி ஹாரன்கள் கேட்டன. எனக்கு அவை மேளச்சத்தமாகக் கேட்டன. என் கற்பனையில் அப்பா பொன்னேரியில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. எடைமேடையில் சீட்டு போடும் அமுதா, தலையில் ஹெல்மெட்டோடு நின்றாள். பின்னால் ஒரு லாரி டிரைவர்.

"யாரு சார் எங்க கம்ப்யூட்டர்ல பூந்துக்கினு கீறது? நானும் ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் பாக்கறேன், ஆன் பண்ணா திரும்பி வந்து குந்திக்குது. சீட்டு வரவே மாட்டேங்குது. வண்டிங்க ஹைவே வரிக்கும் நிக்குது."

"நாஷ்டா கூட துன்னல நைனா. ஒரே பேஜாரா கீது" என்றார் டிரைவர்.

மேனேஜர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அது... சும்மாதானே இருந்துச்சு" என்றேன்.

"சும்மாவா?" என்றாள் அமுதா. "அது வண்டிக்காகக் காத்துக்கினு இருந்துச்சு சார்."

வேலை பர்மனென்ட் ஆகவில்லை. பயிற்சிக் காலம்தான் நீண்டது. அன்றைக்குக் கடைசி லாரி போகும்வரை எடைமேடையிலேயே நிற்கச் சொன்னார் மேனேஜர். கம்ப்யூட்டர் அதற்குள் முழுசாகப் படுத்துவிட்டதால், மேடையின் எடைகாட்டியைப் பார்த்து எடையை நான் வாசிக்க, அமுதா சீட்டைக் கையால் எழுதினாள். வெயிலில் லாரிகள் ஆடி ஆடி வருவதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கண் சொருகியது. "சார், அது போன வண்டியோட வெயிட்டு" என்றாள் அவள். பிறகு சிரித்தாள். எனக்கு அப்போதே கொஞ்சம் கிறுகிறுத்தது, வெயிலால் மட்டும் அல்ல.

மாதிரியில் 'சும்மா', 'வேலையில்' என்ற இரண்டு நிலைகளோடு 'காத்திருக்கிறது' என்று மூன்றாவதைச் சேர்த்தேன். அதன் பிறகு கிரிட் ஓடியது, வேலையும் ஒருவழியாக நிலைத்தது. அமுதாவுக்கு நான் தாலி கட்டி நிமிர்ந்தபோது அப்பா காதருகே குனிந்து, "இதாவது பர்மனென்ட்டாடா?" என்று கேட்டார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அமுதா ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "சும்மாதானே இருக்க, அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கயேன்" என்பேன்.

"வண்டி வருது" என்பாள், திரும்பாமலே.

போன வாரம், பாடப்புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் மகளிடம் அதே வேலையைச் சொன்னேன்.

"எனக்கும் வண்டி வருதுப்பா" என்றாள் அவள்.

பாலை நான்தான் போய் இறக்கினேன். அதற்குள் பாதி பொங்கிவிட்டிருந்தது.