முழங்காலுக்கு ஐந்து மதிப்பெண்

மனித உள்ளத்தின் ஆழத்தை அளக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கடவுளே இன்னும் முடிக்காத அந்த வேலையை, எங்கள் சபை அலுவலகத்தில், ஆட்டம் காணும் மேசை ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து இரண்டே கூட்டங்களில் முடித்தோம். குறிப்பெழுதும் பாக்கியம் பெற்ற எழுத்தர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

தேவை எப்படி எழுந்தது என்றால், எங்கள் தொகுதி வேட்பாளர் 'உண்மையான' கிறிஸ்தவரா என்று தொலைக்காட்சியில் நான்கு நாட்களாக விவாதம். தேர்தல் வந்தால்தான் அவருக்குக் கோயில் கதவு தெரிகிறது என்றார்கள் எதிரணியினர். நாடே தவித்தது. குடிநீர்க் குழாய் உடைந்து தெருவில் ஓடியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. எனவே எங்கள் சபை 'விசுவாச உறுதிப்பாட்டுக் குழு'வை அமைத்தது. தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உறுப்பினர், டாக்டரம்மா. பார்வையாளர், வேட்பாளரின் செயலாளர்.

முதல் கூட்டத்தில் தலைமையாசிரியர் விதிகளை வகுத்தார். ஆராதனைப் புகைப்படங்களில் கண் மூடியிருந்தால் மூன்று மதிப்பெண். தலை குனிந்திருந்தால் இரண்டு. முழங்காலில் நின்றால் ஐந்து. தேர்ச்சிக்குப் பத்து.

இரண்டாவது கூட்டத்தில் சபையின் பதினொரு ஆராதனைப் படங்களை மேசையில் பரப்பினோம். வேட்பாளர் இருந்தவை மொத்தம் இரண்டு.

"இதுல கண்ணு நல்லா தெறந்திருக்கே?" என்றார் டாக்டரம்மா. "கேமராவையே பாக்கறாரு."

"ஃபிளாஷ் அடிச்சதுல முழிச்சிட்டாரும்மா. அதுக்கு முன்னாடி அண்ணன் மூடித்தான் இருந்தாரு" என்றார் செயலாளர்.

"அப்ப மூடினதாவே வெச்சுக்கலாம்" என்றார் தலைமையாசிரியர். மூன்று. இன்னொரு படத்தில் வேட்பாளர் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். தாழ்மை கருதி இரண்டு. மீதி ஐந்துக்கு என்ன செய்வதென்று எல்லோரும் ஆழ்ந்து யோசித்தோம்.

இதற்கிடையில், காலையிலிருந்து வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கோயிலைத் துப்புரவு செய்யும் அக்கா. கையில் ஒரு விண்ணப்பம். முந்தின நாள் அவருடைய அம்மா இறந்துவிட்டார். உடல் மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தது. சபைக் கல்லறையில் அம்மாவுக்கு இடம் வேண்டும். அதற்கு அவர்கள் கிறிஸ்தவர்கள்தான் என்று சான்று வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற ஊரில் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது.

அப்போதுதான் டாக்டரம்மா கத்தினார். "இங்க பாருங்க! ஒவ்வொரு படத்துலயும் பின்னாடி ஒருத்தங்க முழங்கால்லயே இருக்காங்க. பதினொரு படம். அம்பத்தஞ்சு மார்க்கு!"

செயலாளர் கையிலிருந்த தேநீர் தரையில் கொட்டியது. "யாரது? எதிர்க்கட்சி நிறுத்தப்போற ஆளா?"

"நம்ம துப்புரவு அக்கா" என்றேன். அக்கா அதற்குள் உள்ளே வந்து, மண்டியிட்டு, தேநீரைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். விதிப்படி அறுபது.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க வேலைக்காக மண்டி போட்டவங்க. வேலையா போட்ட முழங்காலெல்லாம் இதுல சேராது."

"தொடைக்கும்போதும் ஜெபம் பண்ணிட்டுத்தாங்க ஐயா இருப்பேன்" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடியே. "அம்மாவும் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கும். முட்டி வலிங்க ஐயா, அதனால முழங்கால் போடாது."

"அதுக்குச் சாட்சி யாரும்மா?" என்றார் தலைமையாசிரியர்.

நான்தான் சாட்சி. சென்ற வருடம், என் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், அக்கா என் நாற்காலியைத் துடைத்தபடி முணுமுணுத்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். எனக்காகத்தான். பக்கத்தில் அவர் அம்மா கண்ணை மூடி 'ஆமென்' சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது வாய் வரை வந்தது. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் தலைமையாசிரியர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தது. நான் பேனாவை மூடித் திறந்தேன்.

"சாட்சி இல்லை" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

"அண்ணனும் ஓட்டு வேலையாத்தானே வந்தாரு?" என்று டாக்டரம்மா மெல்லக் கேட்டார்.

"அது பொதுத்தொண்டு" என்றார் தலைமையாசிரியர். முழங்கால் போட மனதார விரும்பியிருப்பார் என்ற அடிப்படையில் வேட்பாளருக்கு ஐந்து கருணை மதிப்பெண் வழங்கப்பட்டது. பத்துக்குப் பத்து. ஏகமனதாக.

கூட்டத்தை ஜெபத்தோடு முடித்தோம். நாங்கள் மூவரும் கண்களை இறுக மூடினோம். பத்திரிகைக்காகச் செயலாளர் கைப்பேசியில் படம் எடுத்தார். கண் திறந்தபோது தரை பளபளத்தது. அக்கா இல்லை. விண்ணப்பம் மேசையில் இருந்தது.

அன்று மாலை ஊருக்கு வெளியே பொது மயானத்தில் அந்த அம்மாவை அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. வேட்பாளரின் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

செயலாளர் அனுப்பிய படத்தில் நாங்கள் மூவரும் மிக உருக்கமாக இருந்தோம். எனக்கும் மூன்று மதிப்பெண் உறுதி. கீழ் மூலையில் மட்டும் ஈரத் துணி பிடித்த ஒரு கையும் ஒரு முழங்காலும். "அத வெட்டிடுங்க மேடம், பாக்க நல்லால்ல" என்றார் செயலாளர்.

வெட்டினேன். அப்போது என் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. அதற்கு எத்தனை மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று எங்கள் விதிகளில் இல்லை.